வைன்ஸ்பெர்க் மலையிலிருந்து இறங்கிய பெண்கள்

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. எடுத்தவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஜெர்மனியின் வைன்ஸ்பெர்க் ஊருக்கு மேலே இடிந்து கிடக்கும் கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "நம் வீட்டுப் பெண்களாக இருந்தால் புருஷனையா தூக்கியிருப்பார்கள்? பீரோவில் இருக்கும் நகையைத்தானே!" அதன் கீழே வரிசை வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நான் பொறுமையாகத்தான் மறுப்பு எழுதினேன். "சும்மா தமாஷ் அக்கா" என்று பதில் வந்தது.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் அக்காவாகவே பேசுகிறேன், தம்பி.

ஹைல்பிரோன் நகரிலிருந்து ரயிலில் சில நிமிடங்கள்தான் வைன்ஸ்பெர்க். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் அந்தப் பாதையில் நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன். வெறும் கையோடு இறங்கினாலே முழங்கால் வலிக்கும் சரிவு. 1140-இல் ஜெர்மானிய அரசன் மூன்றாம் கொன்ராட் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை அவனுடைய பகையாளியான வெல்ஃப் குடும்பத்தினுடையது. மீட்க வந்த அந்தக் குடும்பத்து ஆறாம் வெல்ஃப் டிசம்பர் 21-ஆம் தேதி தோற்று ஓடினான். கோட்டை பணிந்தது. பெண்கள் போகலாம், தோளில் சுமக்க முடிந்ததைக் கொண்டுபோகலாம் என்று அரசன் அனுமதித்தான். ஆண்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பெண்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு ஆண்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். போட்டுவிட்டு வந்தார்கள் என்று கொலோன் நகரத்து அரச வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது. அரசனின் அண்ணன் ஃபிரீட்ரிஷ் கோமகன் இதை ஏற்க முடியாது என்று தடுத்தான். அரசனின் வார்த்தையை மாற்றுவது தகாது என்று கொன்ராட் சொல்லிவிட்டான்.

இதில் விசுவாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவரே அதைச் சொல்கிறார். ஆனால் விசுவாசம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் அழுதிருப்பார்கள், காலில் விழுந்திருப்பார்கள், கூடவே செத்திருப்பார்கள். இவர்கள் உத்தரவைக் கவனித்துக் கேட்டார்கள். அதில் பொருள் என்ற சொல் இல்லை, சுமக்க முடிந்தது என்றுதான் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் யோசிக்க அவகாசம் இல்லை, சொன்ன வார்த்தையை வைத்தே அரசனை மடக்கினார்கள். அது அறிவு. பத்து நிமிடக் காணொளியில் அந்த அறிவைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. பீரோ மட்டும் இருக்கிறது.

"இதெல்லாம் கட்டுக்கதை அக்கா" என்று இன்னொருவர் வந்தார். அந்தக் குறிப்பு எழுதப்பட்டது முற்றுகைக்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இதே போன்ற கதை வேறு கோட்டைகளுக்கும் சொல்லப்படுகிறது. வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்குத் தெரியும். நடக்கவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்னும் கேவலம் அல்லவா? எண்ணூறு ஆண்டுக்கு மேலாக ஒரு ஊர் பெண்களின் அறிவை மதித்துச் சொல்லிவரும் கதையை எடுத்து, நம் மொழியில் மனைவியைக் கிண்டல் செய்யும் துணுக்காக்கிவிட்டீர்கள்.

"பெண்ணியம் பேச ஆரம்பித்துவிட்டாள்" என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை.

அதே ஊரில் இன்னொரு மனைவியும் இருந்தாள். 1525, ஈஸ்டர் ஞாயிறு. விவசாயிகளின் எழுச்சிப் படை கோட்டையையும் ஊரையும் பிடித்தது. லுட்விக் ஃபான் ஹெல்ஃபென்ஷ்டைன் பிரபுவை ஈட்டிகளின் நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். பேரரசன் மாக்ஸிமிலியானின் மகள் மார்கரேத்தே அவன் மனைவி. கைக்குழந்தையோடு மண்டியிட்டு அவன் உயிரைக் கேட்டாள். கிடைக்கவில்லை. எரு வண்டியில் ஏற்றி அவளை ஹைல்பிரோனுக்கு அனுப்பினார்கள். விவசாயிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பட்ட கொடுமையும் பெரிது, பிறகு பட்ட பழிவாங்கலும் பெரிது. அடுத்த மாதமே பிரபுக்களின் படை வந்து ஊரையே கொளுத்தியது. அந்தக் கோட்டை இடிந்து கிடப்பதும் அந்த ஈஸ்டரிலிருந்துதான். காணொளியில் "காலத்தால் சிதைந்த கோட்டை" என்கிறார். காலம் சிதைக்கவில்லை, தம்பி. மனிதர்கள் ஒரே நாளில் கொளுத்தினார்கள். மிச்சக் கல்லை வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இன்று நீங்கள் கேமராவோடு ஏறி நிற்க அங்கே சுவர் இருக்கிறதே, அதற்குக் காரணம் யார்? 1820-களில் அவ்வூர் மருத்துவரும் கவிஞருமான யூஸ்டினுஸ் கெர்னர் ஒரு மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இடிபாட்டுக் கல்லைப் பதித்த மோதிரங்களை விற்று, அந்தப் பணத்தில் கோட்டையைப் பராமரித்தார்கள். ஆம், நகைதான். நகையை விற்றுத்தான் அந்தச் சுவரை நிற்க வைத்தார்கள்.

நகை என்றதும் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் எடை எழுபத்தெட்டு கிலோ. அம்மா நாற்பத்தாறு. ஆறு வருடம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தூக்கியவள் அவள்தான். அவர் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, "ம், எழுந்திருங்கள்" என்று முதுகைக் கொடுப்பாள். நான் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினேன். தூக்கவில்லை. முதல் வருடமே அவள் வளையல்கள் போயின, பிறகு இரட்டைவடச் சங்கிலி. எல்லாம் பிசியோதெரபிக்கு. வங்கியில் அடகு வைத்து மீட்க முடியாமல் போனதை அப்பா இறந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். இன்றும் அவளால் வலது தோளை முழுதாக உயர்த்த முடியாது. தலை பின்னிக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள்.

"எல்லாப் பெண்களையும் சொல்லவில்லை அக்கா" என்பீர்கள். நம் வீட்டுப் பெண்கள் என்றுதான் சொன்னீர்கள். எங்கள் வீட்டுப் பெண் இவள்.

கோட்டையின் பருத்த கோபுரத்தில் கெர்னர் காற்றால் ஒலிக்கும் யாழ்களை வைத்தார். காற்று அடித்தால் யாரும் மீட்டாமலே அவை ஒலிக்கும். நான் போன ஒரு நாள் நல்ல காற்று, வெகுநேரம் நின்று கேட்டேன். உங்கள் காணொளியில் அந்த இடத்தில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. அதை விட்டுவிடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மன்னிப்பு எல்லாம் வேண்டாம்.

நேற்று இரவு எங்கள் குடும்பக் குழுவிலும் சித்தி மகன் அதைப் போட்டிருக்கிறான். பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. அவள் ஒன்றும் எழுதவில்லை.