கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும்?

"கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. கயிறு அறுந்தால் கல் மையத்திலிருந்து நேராக வெளியே பாயும்" என்று ஒரு படம் சுற்றி வருகிறது. அதிலுள்ள அம்புக்குறி தவறு.

கயிறு அறுந்த கல், அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், அதாவது தொடுகோட்டில் கிளம்பும். அப்புறம் புவியீர்ப்பு அதைக் கீழே வளைக்கும். சாணைக்கல்லில் கத்தி தீட்டும்போது உற்றுப் பாருங்கள். தீப்பொறிகள் சக்கரத்தின் ஆரக்கால் போல விரியாது, விளிம்பை ஒட்டியே சீறும்.

தரையில் நின்று பார்ப்பவருக்குக் கல்லை வெளியே தள்ளும் விசை எதுவும் இல்லை. கயிறு அதை உள்ளே இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த இழுவை சின்னதும் அல்ல. அரை கிலோ கல்லை 1 மீட்டர் கயிற்றில் நொடிக்கு 2 சுற்று சுழற்றினால் ஏறக்குறைய 79 நியூட்டன் வேண்டும். 8 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம்! வேகத்தை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும்.

சரி, பேருந்து வளையும்போது நம்மை யார் தள்ளுகிறார்கள்? யாரும் இல்லை. உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்து அதன் குறுக்கே திரும்புகிறது. பேருந்தோடு சேர்ந்து திரும்பியபடி கணக்குப் போடுபவர் மட்டும் மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கிலும் விடை மாறாது.