"பரவாயில்லை தம்பி" என்றால் என்ன பொருள்?

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என்னுடைய இன்டர்ன்ஷிப் பதிவேடு கையில் கிடைத்தது. பிசியோதெரபிப் படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் என்றிருந்த காலம். ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் 'மேற்பார்வையாளர் கருத்து' என்று ஒரு கட்டம். எலும்பியல்: நன்று. நரம்பியல்: நன்று. தீவிர சிகிச்சை: நன்று. எல்லாம் ஒரே பேனா, ஒரே தேதி. குழந்தைகள் பிரிவுக்கும் நன்று என்றே இருக்கிறது. அங்கே எனக்கு ஒதுக்கிய இரண்டு வாரமும் நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன்.

எழுத்தில் கிடைத்தது இது. வாய்மொழியாகக் கிடைத்தது வேறு. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்த ஒரு பெரியவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் ஊன்றுகோலை அவருடைய வலது கையிலேயே கொடுத்துவிட்டேன். ரவுண்ட்ஸ் வந்த மூத்தவர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "நான்கு வருடம் என்ன படித்தாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எது தவறு என்று சொல்லவில்லை. எதிர்ப்பக்கக் கையில் ஊன்றினால்தான் அறுவை செய்த காலின் மேல் விழும் சுமை குறையும். தேர்வில் இதைச் சரியாக எழுதியவன்தான் நான். ஆனாலும் எங்கே தப்பியது என்பது இரவு விடுதியில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெரியவர் மறுநாள் "வேறு பெரிய டாக்டர் யாரும் வர மாட்டார்களா?" என்று கேட்டார். நானோ, ரவுண்ட்ஸ் நேரத்தில் வேறு வார்டில் இருந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

நம் துறையில் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்குக் கிடைக்கும் பின்னூட்டம் இவ்வளவுதான். ஒன்று, படிக்காமலேயே போட்ட கையெழுத்து. இல்லையென்றால் நாலு பேர் முன்னால் ஒரு வசவு. (பின்னூட்டம் என்றதும் இந்தப் பதிவுக்குக் கீழே நீங்கள் இடப்போவதுதான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.) வசவு வாங்கி வளர்ந்ததால்தான் உருப்பட்டோம் என்று சொல்லும் மூத்தவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. வசவு எனக்கு ஒளிந்துகொள்ளத்தான் கற்றுக்கொடுத்தது.

நோயாளிகள் இருக்கிறார்களே, அவர்கள் சொல்ல மாட்டார்களா என்று கேட்கலாம். அங்கேதான் நான் பெரிதாக ஏமாந்தேன்.

முதல் வேலை ஒரு சிறிய கிளினிக்கில். பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா வந்தார், ஐம்பதைத் தாண்டிய வயது. பல வருடச் சர்க்கரை, வலது தோள் இறுகிப்போயிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். கையைப் பக்கவாட்டில் 70 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. தினமும் இருபது நிமிடம் அந்தத் தோளை இழுத்து வளைத்தேன். பத்தாம் நாள் மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்து அளந்தால் 95. எனக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படி இருக்கிறது அம்மா?" என்றேன். "பரவாயில்லை தம்பி" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பதிவேட்டில் 'சிகிச்சையைத் தொடரவில்லை' என்று எழுதினேன். குற்றம் அவருடையது என்பதுபோல.

மூன்று வாரம் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இடது கையால் கூடையைப் பிடித்திருந்தார். கொஞ்சம் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார். "ராத்திரி தூக்கமே இல்லை தம்பி. நீங்கள் கையை இழுத்து வளைத்த பிறகு வலி கூடிவிட்டது. பிள்ளை வியர்க்க வியர்க்கச் செய்கிறதே, வலிக்கிறது என்று சொன்னால் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்தேன்." என் மனம் நோகக் கூடாதென்று ஒரு மனுஷி பத்து நாள் வலியைப் பொறுத்திருக்கிறார். அதை நான் முன்னேற்றம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தோள் இறுகும் நோயில் வலி கொதிக்கும் முதல் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். வலி தாங்கும் அளவுக்குள் மென்மையாகப் பயிற்சி செய்தவர்கள், தீவிரமாக இழுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். இதைப் பஸ் நிறுத்தத்தில் இருந்து திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாள் முழுதும் அடுத்தவர் முதுகைப் பார்த்துப் பிழைக்கும் நமக்கும் அதே கதைதான். என் முதுகைக் காட்டியவர் அடுத்த வேலையிடத்தில் இருந்த மூத்தவர் ஒருவர். ஒருநாள் நான் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்கும்போது ஐந்து நிமிடம் சுவரோரம் நின்றார், பேசவில்லை. பிறகு டீ குடிக்கும்போது கேட்டார்: "நீ வலது தோளைத் தூக்கும்போது அவருடைய இடது கை என்ன செய்தது?" எனக்குத் தெரியவில்லை. "கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நாளைக்குப் பார்" என்றார். அவ்வளவுதான். யார் முன்னாலும் திட்டவில்லை, அறிவுரையும் இல்லை. மறுநாள் பார்த்தேன், விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. பூக்கார அம்மாவின் இடது கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிரிட்டனில் வேலை செய்யும் நண்பன் அங்குள்ள முறையைச் சொல்வான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொழில் செய்வதற்கான பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, கற்றதையும் அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பதையும் ஆதாரத்தோடு கேட்பார்களாம். நம் நாட்டில் பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்ததே 2021இல்தான். அப்படி ஒரு முறை இங்கேயும் வேண்டும் என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகக் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் வகுத்த ஆறு கட்டச் சக்கரத்தை நானும் ஒரு பயிற்சிப் பட்டறையில் நிரப்பியிருக்கிறேன். 'என்ன உணர்ந்தீர்கள்' என்ற கட்டத்தில் 'இன்னும் பொறுமை தேவை என்று உணர்ந்தேன்' என்று எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரரும் அதையே எழுதியிருந்தார். சக்கரத்தில் பிழை இல்லை. படிவத்தைக் கொடுத்தால் அதையும் கடைசி வாரத்தில் ஒரே பேனாவில் நிரப்பிவிடுகிற ஆட்கள் நாம்.

நான் செய்வது சின்ன வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று. சிகிச்சை தொடங்கும் முன்பே 'இன்னார், ஒரு வாரத்தில் இது நடக்கும்' என்று ஒரு வரி எழுதிவிடுவேன். வாரம் கழித்து நடந்ததைப் பக்கத்தில் எழுதுவேன். முன்பே எழுதிவிட்டதால் 'அப்போதே எனக்குத் தெரியும்' என்று என்னையே ஏமாற்ற முடியாது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான். "நேற்று ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள்? நீங்களே தலை பின்னினீர்களா, மகள் பின்னிவிட்டாளா?" என்று கேட்டால் மரியாதைக்கு அங்கே இடமில்லை, உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பேர், கரண்ட் வைக்கும் மெஷினின் மணி அடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். உண்மைதான், முப்பது பேருக்கும் முடியாது. நான் நாளைக்கு இரண்டு பேருக்கு எழுதுகிறேன்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு நாள் தயங்கினார். பிறகு, "சார், நோயாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கோனியோமீட்டரை எடுத்துவிடுகிறீர்கள். உடனே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்" என்றார். மதியம் வரை அவருடன் சரியாகப் பேசவில்லை. கோபம்தான். சாயங்காலம் நோட்டில் எழுதிக்கொண்டேன். கோனியோமீட்டர் இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது.