பவளத்தை எலும்பாக்கியவர்கள் காப்பியடித்தவர்கள் அல்லர்

ஒரு கல்லூரி விழாப் பேச்சின் காணொளியை இந்த வாரம் பலரும் எனக்கு அனுப்பிவிட்டதால், அதை மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. "எல்லாம் இயற்கையில் ஏற்கெனவே இருக்கிறது; விஞ்ஞானிகள் அதைக் காப்பியடித்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்" என்று அந்த விழாப் பேச்சாளர் வேடிக்கையாகச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. உயிர்களின் கட்டமைப்பை அச்சாகக் கொண்டு புதிய பொருள்களை உருவாக்கும் துறையில் வேலை செய்கிறவள் என்ற முறையில், அந்தக் கைதட்டல் என்னைக் காயப்படுத்தியது.

அவர் எடுத்துக்காட்டியது பவளத்தை. எனவே பவளத்தைப் பற்றியே பேசுவோம். போரைட்டிஸ் வகைப் பவளத்தின் கூட்டில் ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர் அகலமுள்ள துளைகள் ஒன்றோடொன்று இணைந்து உள்ளே ஓடுகின்றன. எலும்பும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் ஊடுருவி வளர இந்த அகலமும் இந்தத் தொடர்ச்சியும் பொருத்தமானவை. 1972இல் ராட்னி வைட், ஜான் வெபர், யூஜின் வைட் ஆகியோர் இத்தகைய கூடுகளை அச்சாக வைத்து, அதே துளை அமைப்பைப் பீங்கானிலும் உலோகத்திலும் பாலிமரிலும் உருவாக்கும் முறையை வெளியிட்டார்கள். ஆனால் பவளம் கால்சியம் கார்பனேட்; எலும்பின் கனிமமோ கால்சியம் பாஸ்பேட் வகை. 1974இல் டெல்லா ராயும் லின்னஹனும், பாஸ்பேட் கரைசலில் உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, பவளத்திலிருந்த கார்பனேட்டின் இடத்தில் பாஸ்பேட்டைக் குடியேற்றினார்கள். ஒரு வீட்டின் சுவர் சாயாமல், அதன் செங்கல் ஒவ்வொன்றையும் உருவிவிட்டு வேறு கல் வைப்பதைப் போன்ற வேலை அது. கிடைத்தது ஹைட்ராக்சிஅபடைட், எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட். அந்த வழியில் வந்த எலும்பு ஒட்டுப்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது 1992இல்.

எந்தப் பவளமும் ஹைட்ராக்சிஅபடைட்டில் தன் கூட்டைக் கட்டியதில்லை. இயற்கை தந்தது வடிவம். அந்த வடிவத்தில் இயற்கை ஒருபோதும் வைக்காத பொருளை வைத்தவர்கள் மனிதர்கள். இதையா காப்பி என்கிறீர்கள்?

"வடிவம் பவளத்துடையதுதானே?" என்று கேட்பீர்கள். ஆம், யார் மறுத்தார்கள்? எந்த உயிரிலிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் இந்தத் துறையில் கட்டுரையே எழுத முடியாது. "நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்க்கக் கூடாதா?" என்பதற்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று என்னிடம் இல்லை. "அப்படியானால் பவளப்பாறைகளை வெட்டித் தள்ளலாமா?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. கூடாது. பாறை கட்டும் பவளங்களை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் காக்கிறது, காக்கவும் வேண்டும். அதனால்தான் உயிரைத் தொடாமல் அதன் கட்டமைப்பை மட்டும் வரவழைக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். முத்துச்சிப்பியின் உட்பூச்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எளிதில் உடையும் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகம்தான். அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே இருக்கும் சிறிதளவு புரதமே அதை உடையாமல் காக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு குழு, நீரில் கலந்த பீங்கான் துகள்களை உறையவைத்து, வளரும் பனிப்படிகங்கள் துகள்களை ஒதுக்கித் தள்ளுவதைக்கொண்டே அத்தகைய அடுக்குகளை 2006இல் உருவாக்கிக் காட்டியது. 2008இல் அதே வழியில் அலுமினா என்ற பீங்கானையும் ஒரு சாதாரண பாலிமரையும் அடுக்கியபோது, முறிவைத் தாங்கும் திறன், ஆற்றல் கணக்கில், அவை தனித்தனியே கொண்டிருந்ததைவிட 300 மடங்குக்கு மேல் உயர்ந்தது. சிப்பியைப் பார்த்தவர் எல்லோருக்கும் இது தோன்றிவிடுமா?

இந்தக் கோபம் இந்த வாரத்துக் கோபம் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுப் பட்டம் முடித்த பின் ஒரு வேலைக்கான நேர்காணலில், என் ஆய்வேட்டைப் புரட்டிய தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவர், "பவளம் செய்ததைத் தவிர இதில் நீங்கள் செய்தது என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கோப்பை மூடினார். மேற்பரப்பு மாறியும் நடுப்பகுதி மாறாமல் நின்ற துண்டுகளையும், எக்ஸ் கதிர்ச் சோதனையில் பிடிவாதமாகத் தலைகாட்டிய, பவளத்தின் பழைய அரகோனைட்டையும், வெடித்துப்போன மாதிரிகளையும் அவரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வேலை கிடைக்காததைவிட அந்தக் கோப்பு மூடப்பட்ட விதம்தான் இன்றும் வலிக்கிறது.

பேச்சாளரை விடுங்கள், கைதட்டிய மாணவர்களை நினைத்துத்தான் கலங்குகிறேன். அந்த அரங்கில் இருந்த முதுகலை மாணவி ஒருத்தி, "அக்கா, நான் டயாட்டம் பாசியை வைத்துச் செய்யும் திட்டத்தை விட்டுவிடட்டுமா, எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாள். விடாதே என்று பதில் எழுதினேன். டயாட்டத்தின் கூடு சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். கரியைக் கொண்டு அதைச் சிலிக்கனாக்க, எல்லாம் உருகிப்போகும் அளவுக்கு வெப்பம் வேண்டும், வடிவம் மிஞ்சாது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கென்னத் சாண்ட்ஹேஜின் குழு மக்னீசியம் ஆவியைச் செலுத்தி 650 டிகிரி செல்சியசிலேயே அதைச் சாதித்தது. நுண்துளைகள் கலையாத சிலிக்கன் கூடு 2007இல் கிடைத்தது.

அவளுடைய கல்லூரியில் இந்த வேலைக்குத் தேவையான, ஆர்கான் வாயுவில் இயங்கும் குழாய் உலை இல்லை. உங்கள் ஆய்வகத்தில் அந்த வசதி இருந்து, மேற்பார்வையோடு சில நாள் தர முடியுமானால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரோடு நானே பேசி ஏற்பாடு செய்கிறேன்.