விலை கேக்கறதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு சொல்லுங்க

ரெண்டு நாளா பூனை குரூப்ல ஓடிட்டிருக்கற ஸ்க்ரீன்ஷாட் விவகாரம் எல்லாருக்கும் தெரியும், அத மறுபடி முழுசா எழுதல. பெர்ஷியன் பூனை வளத்து விக்கற பிரீடர் அக்கா ஒருத்தருக்கு ஒரு தம்பி அனுப்பினது "பிரைஸ் ப்ளீஸ்"னு ஒத்த வரி மெசேஜ். அதுக்கு அந்தக்கா "வீட்ல யார் யார் இருக்கீங்க தம்பி, பால்கனிக்கு நெட் போட்டிருக்கா, பகல்ல குட்டிய யார் பாத்துப்பாங்க"ன்னு கேட்டாங்க. உடனே தம்பி அத படம் புடிச்சு "பூனை விக்கறதுக்கு ஐஏஎஸ் இன்டர்வியூ நடத்தறாங்க"ன்னு போட்டாச்சு, நூத்துக்கணக்கான பேர் வந்து சிரிச்சாச்சு. கம்முனு இருந்துடலாம்னுதான் பாத்தேன், முடியல.

கேள்வி கேக்கறவங்கதான் நல்ல பிரீடர். இத தமிழ்நாட்டுல பெர்ஷியன் பூனை வாங்கணும்னு நெனைக்கற ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் சொல்லணும் போல இருக்கு. பொண்ணு குடுக்கறவங்க மாப்பிள்ளை வீட்ட விசாரிக்க மாட்டாங்களா? விசாரிச்சா திமிருன்னா சொல்றோம்? அஞ்சு நிமிஷத்துல ஜிபே நம்பர் அனுப்பி "அட்வான்ஸ் போடுங்க சார், நாளைக்கு பஸ்ல ஏத்தி விட்டுடறேன்"னு சொல்றவன் பாருங்க, அவன்கிட்டதான் பயப்படணும்.

எங்க அண்ணி வாங்கினது அப்படி ஒருத்தர்கிட்டதான். ஊர் பேர் எதுவும் வேண்டாம். அவர் ஒரு கேள்வி கேக்கல. "டால் ஃபேஸ், ட்ரிப்பிள் கோட், பேரண்ட்ஸ் இம்போர்ட்"னு மூஞ்சி, முடி, வம்சப் பெருமை மட்டும் சொன்னாரு. அந்தப் பூனைதான் மிட்டு. அழகுன்னா அப்படி ஒரு அழகு, அண்ணி சமையல்கட்டுல நின்னா காலடியிலயே உக்காந்திருக்கும். ஆறு வயசுல சாப்பாடு குறைஞ்சுது, தண்ணியா குடிச்சுது. ஸ்கேன் பண்ணா ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டி. பிகேடி. பெர்ஷியன்ல காலங்காலமா இருக்கற பரம்பரை நோய் இது. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட அந்த ஜீன் ஒரு காப்பி இருந்தா போதும், சராசரியா பாதி குட்டிங்களுக்கு வந்துடும். அந்த ஜீன் கோளாறு என்னன்னு 2004லயே கண்டுபிடிச்சுட்டாங்க, கன்னத்துக்கு உள்ள பஞ்சு குச்சிய தேய்ச்சு அனுப்பினா டிஎன்ஏ ரிசல்ட் வந்துடும். ஒரே ஒரு தடவை பண்ண வேண்டிய டெஸ்ட். அத பண்ணாம அந்த மனுஷன் எத்தன ஈத்து வித்தாரோ. அண்ணி வீட்லயே தோலுக்கு அடியில சலைன் ஏத்த கத்துக்கிட்டாங்க, கை நடுங்க நடுங்க. வித்தவருக்கு போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். மிட்டு போன அப்புறம் அண்ணி ரொம்ப நாள் யார்கிட்டயும் சரியா பேசல.

இப்ப சொல்லுங்க, நெட் போட்டிருக்கான்னு கேட்டது தப்பா?

சரி, எப்ப பேசணும், எப்படி பேசணும்னு இன்பாக்ஸ்ல உண்மையாவே கேட்டவங்களுக்காக சொல்றேன். குட்டி பிறக்கறதுக்கு முன்னாடி பேசுங்க. போட்டோ பாத்துட்டு "இது அவைலபிளா"ன்னு கேக்கறது கடையில பண்ற வேலை. ஒழுங்கா வளக்கறவங்க ஒரு தாய் பூனைய சும்மா சும்மா ஈத்துக்கு விட மாட்டாங்க. இணை சேந்ததுல இருந்து பிரசவத்துக்கு ஏறக்குறைய 65 நாள், அப்புறம் குட்டிக்கு 12 - 13 வாரம் ஆகற வரைக்கும் தாய்கிட்டதான் இருக்கணும், கூட்டி கழிச்சு பாத்தா அஞ்சு மாசம் ஓடிடும். அதனால அவங்ககிட்ட எப்பவும் வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும். இன்னைக்கு கேட்டு ஞாயித்துக்கிழமை வேணும்னா கிடைக்காது. கிடைச்சா சந்தேகப்படுங்க. ஒன்றரை மாசத்துல தாய்கிட்ட இருந்து பிரிச்ச குட்டி "க்யூட்டா" இருக்கும்தான், ஆனா கடிக்கக் கூடாது, நகம் நீட்டக் கூடாதுன்னு அதுக்கு சொல்லிக் குடுக்கறதே தாயும் கூடப் பிறந்ததுங்களும்தான். தடுப்பூசியே ஆறு எட்டு வாரத்துலதான் ஆரம்பிக்கும், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் வரைக்கும் போகும். நடுவுல தூக்கிட்டு வந்து பேன்லூக் (பூனைங்கள கொல்ற வைரஸ் நோய்) வந்துச்சுன்னா சின்னக் குட்டி ரெண்டு மூணு நாள் கூட தாங்காது.

முதல் மெசேஜ்ல விலை வேண்டாம். உங்க பேர், ஊர், சொந்த வீடா வாடகையா, வாடகைன்னா ஹவுஸ் ஓனர் ஒத்துக்கிட்டாரா (மெட்ராஸ்ல இது எவ்ளோ பெரிய பிரச்சனைன்னு தெரியும்ல), வீட்ல நாய் பூனை வேற இருக்கா, கத்திரி வெயில்ல அந்த முடியோட இருக்கற பூனைய எங்க வைப்பீங்க, தினம் சீப்பு போட முடியுமா. இத நீங்களே எழுதிட்டா அவங்க கேக்க வேண்டியதே இல்ல. அப்புறம் நீங்க கேளுங்க, நல்லா கேளுங்க. பேரண்ட்ஸோட பிகேடி ரிப்போர்ட் காட்டுங்க, எஃப்ஐவி, எஃப்இஎல்வின்னு பூனைக்கு வர்ற வைரஸுங்களுக்கு டெஸ்ட் பண்ணிருக்கா, வேக்சின் கார்டுல ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கா, கருத்தடை எப்ப, எனக்கு வளக்க முடியாமப் போனா திரும்ப எடுத்துப்பீங்களா. நல்ல பிரீடர் இந்தக் கேள்விக்கெல்லாம் கோவப்பட மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. "கேசிஐ பேப்பர் இருக்கு"ன்னு எவனாவது பூனைக்கு சொன்னா போன வச்சுடுங்க, கென்னல் கிளப் நாய்க்கு. இங்க பூனைக்கு ஃபீலைன் கிளப் ஆஃப் இந்தியா இருக்கு, வெளிநாட்டு லைன்னா சிஎஃப்ஏ, டிக்கா மாதிரி பூனைங்கள பதிவு பண்ற அமைப்புல பதிவு இருக்கணும்.

இன்னொண்ணு, வீட்டுக்கு வந்து பாக்கணும்னு அடம் புடிக்காதீங்க. ஒரே நாள்ல நாலு வீட்டுக்கு குட்டி பாக்கப் போறவங்க இருக்காங்க. பேன்லூக் கிருமி செருப்புலயும் துணியிலயும் ஒட்டிட்டு வரும், மாசக்கணக்குல சாகாது. ஊசி போடாத குட்டி இருக்கற வீட்ல "இப்ப வர வேண்டாம், வீடியோ கால்ல காட்டறேன்"னு சொன்னா அது அக்கறை. ஆனா வீடியோலகூட தாய் பூனைய காட்டவே மாட்டேன்னா வேற இடம் பாருங்க.

இப்ப ஆரம்பிப்பீங்க, தெரியும். "தெருவுல இவ்ளோ குட்டி சாகும்போது பிரீடருக்கு வக்காலத்தா?" இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வலிக்குது, ஏன்னா கேக்கறவங்க பாதிப் பேருக்கு எங்க வீட்ல இருக்கறது எல்லாமே தெருவுல இருந்து வந்ததுன்னு தெரியும். மழையில சாக்கடை ஓரத்துல கெடந்ததுக்கு நான்தான் பால் பாட்டில் குடுத்து வளத்தேன். எந்த இனம்னு பிடிவாதம் இல்லாதவங்க தயவு செஞ்சு தெருக்குட்டிய எடுத்துக்கோங்க, நம்ம நாட்டுப் பூனை மாதிரி கெட்டியான உடம்பு எதுக்கும் வராது, நூறு தடவை சொல்லிருக்கேன். ஆனா பெர்ஷியன்தான் வேணும்னு முடிவு பண்ணவங்க எப்படியும் வாங்கத்தான் போறாங்க. யார்கிட்ட வாங்கறாங்கங்கறதுதான் கேள்வி. ஒழுங்கா இருக்கறவங்கள இப்படி நடுத்தெருவுல நிக்க வச்சு சிரிச்சா மிச்சம் யாரு இருப்பாங்க? பிராட்வே ஞாயித்துக்கிழமை சந்தையில கூண்டுல அடைச்சு விக்கறவனும், இன்ஸ்டாவுல அடுத்தவங்க பூனை போட்டோவ போட்டு அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடறவனும்தான். சட்டம் பாத்துக்கும்னு சொல்லாதீங்க, 2017ல மத்திய அரசு போட்ட விதியும் சரி, 2024ல தமிழ்நாட்டுல வந்த கொள்கையும் சரி, இனப்பெருக்கத்தப் பத்தி வந்ததெல்லாம் நாய்க்குத்தான். பூனை விஷயத்துல விசாரிக்க வேண்டியது வாங்கற நாமதான்.

"எல்லாம் காசுக்குத்தான்"னு ஒருத்தர். இருக்கட்டுமே, சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் டெஸ்ட்டுக்கும் காசு யாரு குடுக்கறா? சப்பை மூஞ்சி பூனைக்கு பிரசவம் சிக்கலாகி நடுராத்திரி சிசேரியனுக்கு தூக்கிட்டு ஓடறது யாரு? அதவிட, "எக்ஸ்ட்ரீம் பஞ்ச் இருக்கா, பஞ்ச் இருக்கா"ன்னு ரொம்ப சப்பை மூஞ்சியா கேட்டு கேட்டு மூக்கே இல்லாத, மூச்சு விட முடியாத, எந்நேரமும் கண்ணுல தண்ணி வடியற பூனைய உண்டாக்கறது யாரு? வாங்கற நாமதானே? அந்தக்கா பஞ்ச் கேட்டு வர்றவங்கள திருப்பி அனுப்பறாங்கன்னு எத்தன பேருக்குத் தெரியும்? நஷ்டப்பட்டுட்டு அனுப்பறாங்க.

என்னை "பிரீடரோட ஏஜென்ட்"னு எழுதினவருக்கு பதில் இல்ல. நான் அவங்ககிட்ட பூனை வாங்கினது கூட கிடையாது. மிட்டு போன அப்புறம் அண்ணிக்காக விசாரிக்கப் போனப்பதான் பழக்கம். குட்டி இல்லம்மா இப்போன்னுட்டு, அண்ணிகிட்ட ஒரு மணி நேரம் மிட்டுவ பத்திதான் பேசினாங்க. விக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாதப்ப.

லாக்டவுன்ல ஆசைப்பட்டு வாங்கி அப்புறம் முடி கொட்டுதுன்னு ரோட்ல விட்ட பெர்ஷியன்கள நான் தூக்கிருக்கேன். சடை புடிச்சு, அடியில தோல் புண்ணாகி, நடக்க முடியாம. அதுங்கள வாங்கினவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை "பகல்ல யார் பாத்துப்பா"ன்னு கேட்டிருந்தா அதுல பாதி அந்த வீடுங்களுக்கே போயிருக்காது. கேட்டா சிரிப்பீங்க. கேக்காதவன்கிட்ட வாங்கிட்டு, குட்டி செத்ததும் அதே குரூப்ல வந்து "ஹெல்ப் பண்ணுங்க அர்ஜென்ட்"னு போடுவீங்க, அதுக்கும் அந்தக்காதான் ராத்திரி உக்காந்து பதில் சொல்லுவாங்க. சொல்லிட்டிருந்தாங்க. இப்ப பேஜையே மூடிட்டாங்க, லிஸ்ட்ல காத்திருந்தவங்களுக்கு "மன்னிச்சுக்கோங்க"ன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்க அண்ணிக்கும்.

தம்பி, நீ அந்தப் போஸ்ட்ட எடுக்க வேண்டாம், வச்சுக்கோ. அதுல அவங்க போன் நம்பர் அப்படியே தெரியுது, அத மட்டும் மறைச்சுடு. ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் யார் யாரோ கால் பண்ணி அசிங்கமா பேசறாங்களாம்.