தனியாகப் போனது தப்பில்லை, சொல்லாமல் போனதுதான் தப்பு

பனிக்காலத்தில் தனியாக மலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிய மீட்புச் செய்தி வந்ததல்லவா, இரண்டு நாளாக அதற்குக் கீழே வரும் கருத்துகளைப் படித்துப் படித்து மனசு கசந்துவிட்டது. "பனிக்காலத்தில் தனியாக மலைக்கு யார் போகச் சொன்னது?" எல்லோருக்கும் இதே கேள்விதான். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று யாரும் கேட்கவில்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது.

நானும் தனியாகப் போகிறவள்தான். 3 வருடத்துக்கு முன்னால் இறக்கத்தில் வழுக்கி முட்டி பிசகிவிட்டது. போனில் 40 சதவீதம் சார்ஜ் இருந்தும் குளிரில் அணைந்துபோனது. லித்தியம் பேட்டரி அப்படித்தான். உள்சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். தெரிந்தும் வெளிப்பையில் வைத்திருந்தேன். கையுறையைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். ஃபோம் பாயைப் பனிமேல் விரித்து, காற்றுத் தடுப்புப் பைக்குள் நுழைந்து விசில் ஊதினேன். ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. மலையில் உதவி கேட்கும் முறை அது. இருட்டிய பிறகு கீழேயிருந்து, கேட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக, மூன்று விசில் பதில் வந்தது.

மீட்புக் குழுவினர் நேராக அந்தச் சரிவுக்கே வந்ததற்குக் காரணம் என் அக்கா. "6 மணிக்குள் பேசவில்லையென்றால் மீட்புக் குழுவைக் கூப்பிடு" என்று பாதையைக் குறித்துக் கொடுத்திருந்தேன். 6.05க்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

சாட்டிலைட் கருவி இருக்கிறதே என்பீர்கள். வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் உதவி கேட்கும் பொத்தானை அழுத்த நினைவு வேண்டும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் யோசனை குழம்பும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும், சிலர் சட்டையைக்கூடக் கழற்றிவிடுவார்கள். வீட்டில் ஒருத்தர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பொத்தானை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். சரி, துணையோடு போவது இன்னும் பாதுகாப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

"மீட்பவர்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?" அதற்காகத்தானே இவ்வளவும் சொல்கிறேன்! பாதை தெரியாவிட்டால் பனிச்சரிவு ஆபத்துள்ள மலை முழுக்க அவர்கள் ராத்திரியில் அலைய வேண்டும்.

ஆனால் ஒருவர் "செத்தால் சாகட்டும், இவனுக்கெல்லாம் எதற்குத் தேடல்" என்று எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி. மலையில் சிக்கியவர் வீட்டிலும் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள். நேற்று அக்காவும் அதைப் படித்துவிட்டாள். போன் செய்தாள், ரொம்ப நேரம் எதுவுமே பேசவில்லை.