சரியாகிவிட்டது என்றால் நிறுத்திவிடலாம் என்று அர்த்தமில்லை

இதய நோயிலிருந்து தேறிய ஒருவர் மேடையில் தன் மாத்திரைகளைக் குப்பையில் போடுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று அதன் கீழே நான் போட்ட கமெண்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே "மருந்துக் கம்பெனி ஏஜென்ட்" என்று எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

மேடையில் அவர் தன் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இ.எஃப். 30ல் இருந்து 55க்கு ஏறியிருக்கிறது. இதயம் ஒரு தடவை சுருங்கும்போது இடது கீழறையில் இருக்கிற ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 30 என்று எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர்களுக்கு 55 என்றால் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அவர் நூறு வயது இருக்கட்டும். ஆனால் அதற்கப்புறம் பாக்கெட்டில் இருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் குப்பைத்தொட்டியில் போட்டாரே, "இதயம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்" என்றாரே, அரங்கமே எழுந்து கைதட்டியதே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

அதே வீடியோவின் தொடக்கத்தில் அவரே சொல்கிறார், இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டேன் என்று. இதயத்தைத் தேற்றிவிட்டதே அந்த மாத்திரைகள்தான். சரியாகிவிட்டது என்றால் நிறுத்திவிடலாம் என்று அர்த்தமில்லை. கமெண்ட்டில் நான் எழுதியதும் இந்த ஒரே வரிதான்.

இதயத் தசை நம் தோல் மாதிரி இல்லை. வெட்டுப்பட்டால் புதுத்தோல் வருவதுபோல அங்கே புதுத்தசை வருவதில்லை, தழும்புதான் வரும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன், அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் செல்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து இதயத் தசை செல்களுக்குச் சராசரியாக எத்தனை வயது என்று கணக்குப் போட்டார்கள். 25 வயதில் இதயத் தசை செல்களில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதிதாகிறது. 75 வயதில் அதிலும் பாதிக்குக் கீழே. 2009ல் வந்த ஆய்வு இது. பெரிய அட்டாக் ஒன்றில் நூறு கோடி செல்கள் வரை செத்துப்போகும். இந்த வேகத்தில் எதை வளர்த்து எதை நிரப்புவது?

"இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் தூங்குகிறது, அதை எழுப்பினால் போதும்" என்று அவர் சொன்னதும் புதுசு இல்லை. ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல். அமெரிக்காவில் பியெரோ அன்வெர்சா என்ற ஆராய்ச்சியாளர் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். உலகமே நம்பியது. அந்தச் செல்களை நோயாளிகளுக்குச் செலுத்தியும் பார்த்தார்கள். மற்ற ஆய்வுக்கூடங்களில் செய்து பார்த்தால் அந்த முடிவு வரவில்லை. கடைசியில் 2018ல், அவருடைய 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியே சொன்னது. அங்கே செத்துப்போன கதையை இங்கே ஒருவர் மைக் பிடித்துச் சொல்கிறார், நாம் ஹார்ட் எமோஜி போடுகிறோம்.

முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துக் குழு, ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த இதயத் தசையை ஒட்டுப்போடுவதுபோல 46 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தின் மேல் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தைப் பார்த்தால், தைத்த தசை உயிரோடு இருக்கிறது, ரத்தக்குழாய் ஓடியிருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தச் செய்தி வந்த அன்று நான் எவ்வளவு சந்தோஷமாகப் பதிவு போட்டேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த ஒட்டை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கவும் மாத்திரைதான் கொடுக்கிறார்கள்.

இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியில் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் எதுவென்று கேட்டால், அந்த மனிதர் குப்பையில் போட்டதைத்தான் காட்டுவேன். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையை, பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1975ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் என்பவர் ஏழு நோயாளிகளுக்குத் துணிந்து கொடுத்துப் பார்த்தார். தேறினார்கள். மருத்துவ உலகம் முழுசாக ஒப்புக்கொள்ள 1999 வரை ஆனது. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரைக்கு வந்த மாத்திரை. சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் அது உதவுகிறது என்று 2019ல் நிரூபித்தார்கள். வீங்கித் தளர்ந்துபோன இதயம் இந்த மாத்திரைகளால் மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்துக்குச் சுருங்குகிறது. செத்த தசை செத்ததுதான், மிச்சம் இருக்கிற தசைக்குப் பளு குறைகிறது. இ.எஃப். ஏறுவது அப்படித்தான்.

பளுவைத் தாங்குகிற கையை எடுத்துவிட்டால்?

அதையும் பார்த்துவிட்டார்கள். லண்டனில் 51 பேர். இதயத் தசை நோய் வந்து, மருந்தால் முழுசாகத் தேறியவர்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள். அவர்களுக்கு மருத்துவர்களே கூடவே இருந்து, படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் பத்துக்கு நாலு பேருக்கு நோய் திரும்பிவிட்டது. 2018ல் வந்த முடிவு. அவ்வளவு கவனிப்பில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. அவர்களுக்கு அட்டாக்கும் இல்லை, அட்டாக் விட்டுப்போகிற தழும்பும் இல்லை.

என் அப்பாவுக்கு அந்தத் தழும்பு இருந்தது.

2012ல் அட்டாக். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்தே ஐந்து மணி நேரம் போய்விட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள், எக்கோவில் 30. பதினாலு மாதம் மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, காலையும் மாலையும் நடை. 48க்கு வந்தது. அன்று அம்மா மாரியம்மன் கோவிலில் மாவிளக்குப் போட்டாள். நடைப்பயிற்சியில் பழக்கமான ஒருவர் அப்பாவிடம், "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குத் தினம் விஷத்தை முழுங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மா எடுத்துக் கொடுக்கிற மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று மாடிக்குப் போய்விடுவார். நாலாவது மாதம் காலில் வீக்கம். கெண்டைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. நான் எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. அந்த வாரமே படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்தார், அப்புறம் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அம்மா செம்பருத்தித் தொட்டியைக் கிளறினாள். மண்ணுக்குள் பாதி கரைந்த மாத்திரைகள், வெள்ளையும் மஞ்சளுமாக, வேரோடு ஒட்டிக்கொண்டு.

மறுபடியும் அதே மாத்திரைகள்தான் கொடுத்தார்கள். எக்கோ 30ஐத் தாண்டவே இல்லை. இரண்டு வருடம் இருந்தார்.

ஆஸ்பத்திரிகள் கொள்ளையடிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். அடிக்கிறார்கள், நானும் கடன் வாங்கிக் கட்டியவள்தான். ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 30,000 ரூபாய்க்குள் உச்சவரம்பு வைத்தது. அதுவரை வாங்கியது என்ன நியாயம் என்று நானும் கேட்கிறேன். அந்தக் கோபத்தை பில் போடுகிறவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கொடுக்கிற ஆஸ்பிரின் என்ன பாவம் செய்தது? இன்று கிராமத்தில் ஒருவருக்கு அட்டாக் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் அடோர்வாஸ்டாடினும் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம். சோடா குடித்து உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு அன்று அது இல்லை.

நம் பாரம்பரியத்தை இழிவுபடுத்துகிறேனாம். எங்கள் வீட்டிலும் சுக்குக் கஷாயம் உண்டு, குடிக்கிறோம். பேச்சு அதைப் பற்றியது இல்லை.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்டவருக்கு: இல்லை. அந்த மேடையில் பேசியவரும் இல்லை.

எனக்கு இப்போது ஒன்று புரிகிறது. அப்பா நடைப்பயிற்சியில் பழகிய அந்த ஆள் சொன்னதற்காக மட்டும் நிறுத்தவில்லை. முப்பத்தொரு வருடம் ஓடுகிற பேருந்தில் நின்றபடியே டிக்கெட் கிழித்தவர். விருந்தாளி வந்தால் மாத்திரை டப்பாவை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைப்பார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் தான் நோயாளி என்று யாரோ சொல்வதுபோல இருந்திருக்கும் அவருக்கு. மாத்திரையை விட்டால் பழைய ஆளாகிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த ஆசையைத்தான் அன்று மேடையில் தொட்டார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறக்காமல் விட்டார்களோ, நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஸ்கிரீன்ஷாட் போட்டவர் யாரோ முகம் தெரியாதவர், போகட்டும். வீடியோவை முதலில் நம் குடும்பக் குரூப்பில் போட்டது நீ, செல்வம். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரி ஆட்டோவில் அவர் கால் உன் மடியில்தான் இருந்தது. வீங்கின காலைத் தடவிக்கொண்டே, "மாமா, இதோ வந்துருச்சு, வந்துருச்சு" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நீ.

அத்தைக்கும் இப்போது இதே மாத்திரைகள்தானே ஓடுகிறது. நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. என்மேல் கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அத்தை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்களா என்று மட்டும் சொல்.