மிஸ்திராலைப் பிய்த்துப் போடாதீர்கள்

ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் மிஸ்திரால் எழுத்துருவைப் பாழாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே அடிப்படையாக வைத்து வரைந்தது அது. மார்செய் நகரத்து ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் 1953இல் வெளியிட்டது. ஈய அச்சுக் காலம், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகத் துண்டு. அப்படியிருந்தும் ஒன்றின் வால் அடுத்ததைத் தொட்டு, பேனா எடுக்காமல் எழுதியதுபோல் கோடு ஓடும்படி வடிவமைத்தார். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்!

இன்று என்ன செய்கிறார்கள்? பலகை அகலமாக இருக்கிறதென்று எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டிவிடுகிறார்கள். இணைப்பெல்லாம் அறுந்து, ஒவ்வோர் எழுத்தும் வெட்டுப்பட்ட பல்லிவாலாகக் கிடக்கிறது. அதைவிடக் கொடுமை, பெயர் முழுவதையும் பெரிய (கேபிடல்) எழுத்துகளிலேயே அடிப்பது. அவை சொல்லின் தொடக்கத்தில் ஒன்று மட்டும் நிற்க வேண்டியவை. வரிசையாக நிறுத்தினால் படிக்கவே வராது. போதாக்குறைக்கு முகவரியும் தொலைபேசி எண்ணும் அதே எழுத்துருவில், பொடிப்பொடியாக! ஒரு மருந்துக்கடையின் எண்ணைப் படிக்க நான் ஏன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

கடைப்பெயருக்கு மட்டும் வையுங்கள், முதலெழுத்தைத் தவிர மற்றவை சிறிய எழுத்துகளாக, இடைவெளியைத் தொடாமல். மற்றதற்கெல்லாம் அலங்காரமில்லாத எழுத்துருக்கள் கணினியிலேயே இருக்கின்றன.